அரை டம்ளர் காபிக்கு ஓங்கிய கை

என் மகனுக்கு,

நீ தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய் என்று எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் மராத்தியும் இங்கிலீஷும் படித்த பிள்ளை நீ. லீவு நாளில் உன்னை இழுத்து உட்கார வைத்து, நீ முனகிக்கொண்டே கற்றுக்கொண்ட தமிழ் இது. போனில் பேசலாம்தான். ஆனால் நீ நடுவில் கத்துவாய், பிறகு நானும் கத்துவேன். வாட்ஸாப்பில் குரல் பதிவு அனுப்பினால் பாதியில் நிறுத்திவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். ஒவ்வொரு வார்த்தையாக நின்று நின்று படிக்கிறவனுக்குக் கோபம் அவ்வளவு வேகமாக ஏறாது. வழக்கமாக நான் தமிழில் எதை அனுப்பினாலும் சுகன்யாதான் உனக்குப் படித்துச் சொல்வாள். அவள் இப்போது தாபோடியில், நம் பழைய வீட்டில், என் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறாள். வலது மணிக்கட்டில் கட்டு, தொடையில் தீக்காயத்துக்கு மருந்து, ஐந்து மாத வயிறு. ஆகவே இதை நீயே படிக்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நடந்ததை முதலில் சொல்கிறேன். நீ அங்கேதான் இருந்தாய். ஆனால் சத்தம் கேட்டு மேலே வந்த கீழ்வீட்டுக்காரரிடம், "பால் பாத்திரம் கை தவறி விழுந்துடுச்சு" என்று நீ சொன்னது எனக்குக் காதில் விழுந்தது. அதனால் நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

உங்கள் சிஞ்ச்வட் வீட்டுக்கு நான் சனிக்கிழமை வந்தேன். மறுநாள் காலையில் டிகாஷன் இறக்கி, பாலைக் காய்ச்சிக்கொண்டிருந்தேன். நீ குளிக்கப் போயிருந்தாய். சுகன்யா வந்து பக்கத்தில் நின்று, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்.

"அத்தை, எனக்கும் அரை டம்ளர் குடுங்க. காலைல ஒண்ணு குடிச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்காங்க."

கொடுத்தேன். வாங்கிக்கொண்டு போய் ஃப்ரிட்ஜுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் நின்று குடித்தாள். சொந்த வீட்டில், பகல் வெளிச்சத்தில், ஒரு திருடியைப் போல. "ஏம்மா அங்க போய் நிக்கற?" என்றேன். "இங்க காத்து வருதுங்க அத்தை" என்றாள். அந்த இடத்தில் ஜன்னலே கிடையாது. பாத்ரூமில் தண்ணீர் நின்ற சத்தம் கேட்டதும் மிச்சத்தை அப்படியே தொட்டியில் வைத்துவிட்டு, அவசரமாக வாயைக் கொப்பளித்தாள். நான் கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன். அப்படி வாய் கொப்பளிப்பதைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியாது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீ துண்டோடு உள்ளே வந்தாய். என்னைப் பார்க்கவில்லை. நேராக அவளிடம் போய்க் கன்னம் இரண்டையும் விரலால் அழுத்திப் பிடித்தாய்.

"ஊது."

"விடுங்க, அத்தை இருக்காங்க."

"ஊதுன்னு சொன்னேன்ல?"

அவள் ஊதினாள். கண்ணை மூடிக்கொண்டு ஊதினாள். அடுத்து நீ கையை வீசினாய். அடுப்பில் இருந்த பால் பாத்திரம் பறந்தது. கொதித்த பால் அவள் தொடையில் கொட்டியது. அவள் கத்துவதற்குள் மணிக்கட்டைப் பிடித்து முறுக்கினாய். "எங்குழந்தையக் கொல்லப் பாக்கறியா? ஏற்கெனவே ஒண்ணக் கொன்னது போதாதா?" என்று சொல்லிக்கொண்டே ஃப்ரிட்ஜின் மேல் தள்ளினாய். அவள் விழும்போது உடம்பு தானாகத் திரும்பியது. வயிறு இடிபடாமல் முதுகு இடிபட்டது. நான் நடுவில் வந்தேன். இரண்டாவது அடி என் தோளில் விழுந்தது. யாரை அடித்தோம் என்று நீ பார்க்கக்கூட இல்லை. என் மகனே, அந்த இடம் இன்னும் நீலமாக இருக்கிறது. கையைத் தூக்கித் தலை வார முடியவில்லை.

அவளை நைட்டியோடு, மேலே ஒரு சால்வையைப் போர்த்திக் கூட்டிக்கொண்டு கீழே இறங்கினேன். நீ தடுக்கவில்லை. உன் கையையே பார்த்துக்கொண்டு நின்றாய். ரிக்‌ஷாவில் வரும் வழியெல்லாம் அவள் அழவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்: "அத்தை, பாப்பா அசையுதான்னு எப்படிப் பாக்கறது?"

சாயங்காலம் நீ தாபோடிக்கு வந்தாய். கதவைத் தட்டினாய், பிறகு உதைத்தாய். "என் பொண்டாட்டிய வெளிய அனுப்பு! இதுல நீ தலையிடாத!" என்றாய். கீழ்ப் பலகை பிளந்துவிட்டது. உள்ளே நான் தாழ்ப்பாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். சுகன்யா பாத்ரூமுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு ஆண்கள் வந்து உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். நீ தவழ்ந்த வாசல் அது. அதே வாசலில் நின்று நீ உதைக்கும்போது, என் பிள்ளை வெளியே நிற்கிறான் என்று எனக்குத் தோன்றவில்லை. உன் அப்பா திரும்பி வந்துவிட்டார் என்றுதான் தோன்றியது.

உன் அப்பாவைப் பற்றி நீ நல்லதை மட்டும்தான் அறிவாய். அதை நான் உன்னிடமிருந்து பிடுங்க நினைத்ததில்லை. உனக்கு டைஃபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரித் தரையில் படுத்துக் கிடந்தவர் அவர். கட்கி ராணுவத் தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்து, உடை மாற்றாமல் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு நதிப் பாலம் வரை நடந்தவர் அவர். எல்லாம் உண்மை. இப்போது நான் சொல்லப் போவதும் உண்மை.

நீ பிறப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு குழந்தை வயிற்றில் தங்கியது. அப்போது நான் சிஞ்ச்வட்டில் ஒரு சின்ன வொர்க்‌ஷாப்பில் வேலை செய்தேன். வண்டிகளுக்குப் போகிற ரப்பர் வாஷர்களை எடுத்துப் பார்த்து, நல்லதையும் கெட்டதையும் பிரிக்கிற வேலை. மசக்கையில் சோறு உள்ளே நிற்கவில்லை. டப்பாவைத் திறந்தாலே குமட்டும். ஆனால் டீ நின்றது. கெட்டிலைத் தூக்கிக்கொண்டு டீக்காரர் வரிசை வரிசையாக வருவார். பசிக்கும்போதெல்லாம் டீ. தூக்கம் வந்தால் டீ. தலை சுற்றினால் டீ. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை, எனக்கும் தெரியாது. ஐந்தாம் மாதத்தில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதே ரத்தம் போக ஆரம்பித்தது. ஆஸ்பத்திரியில் எல்லாம் முடிந்த பிறகு டாக்டர் என்னிடம் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். எட்டு ஒன்பது கிளாஸ் டீ குடிப்பேன் என்று மறைக்காமல் சொன்னேன். "அது ரொம்ப அதிகம்மா. உடம்புல ரத்தமும் இல்ல. எதனால போச்சுன்னு இதுதான் அதுதான்னு சொல்ல முடியாது" என்றார். பக்கத்தில் நின்றிருந்த உன் அப்பா முதல் வாக்கியத்தை மட்டும்தான் கேட்டார்.

வீட்டுக்கு வந்த சில நாளில் அவருடைய அக்கா துக்கம் விசாரிக்க ஏரவாடாவிலிருந்து வந்தாள். நான் மூலையில் படுத்திருக்கிறேன். அவள் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள்: "எட்டு ஒம்போது டீ குடிச்சா வயித்துல புள்ள தங்குமா? வெந்துதான் போகும். இவ குடிச்சே கொன்னுட்டா."

உன் அப்பா எழுந்தார். மண்ணெண்ணெய் ஸ்டவ்வைப் பற்ற வைத்தார். வீட்டில் இருந்ததிலேயே பெரிய பாத்திரத்தை ஏற்றி, ஒரு பொட்டலம் டீத்தூள் முழுவதையும் கொட்டிக் கொதிக்க விட்டார். யாருக்கு என்று எனக்குப் புரியவில்லை. பிறகு என் தலைமுடியைப் பிடித்து வெளியே, எல்லோருக்கும் பொதுவான தாழ்வாரத்துக்கு இழுத்துக்கொண்டு வந்தார்.

"குடி. எவ்ளோ புடிக்குமோ அவ்ளோ குடி. புள்ளைய விட இதுதான உனக்கு வேணும்?"

சொம்பில் மொண்டு வாயில் ஊற்றினார். நாக்கு வெந்தது. உதடு வெந்தது. வாயை மூடினால் மூக்கைப் பிடித்தார். கழுத்து வழியாக மார்பில் வழிந்தது. அந்த மார்பில் குடிக்க ஆளில்லாத பால் கட்டிக்கொண்டு வலித்துக்கொண்டிருந்தது. ஒரு சொம்பு, இன்னொரு சொம்பு. தாழ்வாரம் முழுக்க ஆட்கள். ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவருடைய அக்காவும்தான் நின்றாள். கடைசி அறையில் இருந்த மராத்திக்காரப் பெண், நாங்கள் காகு என்று கூப்பிடுவோம், அவள்தான் ஓடி வந்தாள். மாவு அப்பிய கையில் சப்பாத்திக் கட்டை. "ஸோட் திலா! மரேல் தீ!" விடு அவளை, செத்துப் போவாள் என்று கத்திக்கொண்டே அவர் கையில் ஓங்கிப் போட்டாள். சொம்பு விழுந்தது. என்னைத் தன் அறைக்கு இழுத்துக்கொண்டு போய், வாய் நிறையப் பச்சைத் தண்ணீரை வைத்துக்கொள்ளச் சொன்னாள். பல நாள் எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை.

அடுத்து நீ வந்தாய். நீ வயிற்றில் இருக்கிறாய் என்று தெரிந்த நாளிலிருந்து நான் டீயை ஒரு சொட்டுக்கூடத் தொடவில்லை. ஒரேயடியாக நிறுத்தியதில் தலை பிளந்தது. வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முந்தானையைக் கண்ணில் கட்டிக்கொண்டு கிடந்தேன். ஆனால் அவருக்கு அது போதவில்லை. தினமும் சாயங்காலம் வேலையிலிருந்து வந்ததும், செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால், "வாயைத் திற" என்பார். திறப்பேன். முகத்தைக் கிட்டே கொண்டு வந்து முகர்வார். நான் குடிக்கவே இல்லை. இருந்தும் அவர் வரும் நேரம் ஆனால் என் கால் தானாகக் குழாயடிக்குப் போகும், வாய் தானாகக் கொப்பளிக்கும். குற்றம் செய்யாதவளும் கொப்பளிப்பாள். சுகன்யா தொட்டிப் பக்கம் குனிந்ததும் நான் ஏன் கரண்டியை வைத்துவிட்டு அவளையே பார்த்தேன் என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும்.

ஏழாம் மாதம். வொர்க்‌ஷாப்பில் என் பக்கத்தில் இருந்தவள் கை பட்டு அவள் டீ என் புடவையில் கொட்டிவிட்டது. நனைத்துப் பிழிந்தும் வாசனை போகவில்லை. வீட்டுக்கு வந்து தோசைக்கல்லைப் போட்டு சப்பாத்தி சுட ஆரம்பித்திருந்தேன். அவர் உள்ளே வந்தார். முகர்ந்தார். நான் சொல்ல வாயெடுப்பதற்குள் உதை விழுந்தது. நான் பக்கவாட்டில் திரும்பி விழுந்தேன். இடுப்பில் பட்டது. இரண்டாவது உதைக்குக் காலைத் தூக்கினார். அந்தக் கால் எங்கே வரும் என்று எனக்குத் தெரிந்தது. நீ இருந்த இடத்துக்கு.

எப்படி எழுந்தேன் என்று தெரியாது. முந்தானையைச் சுற்றித் தோசைக்கல்லைத் தூக்கி, என்னைப் பிடிக்க வந்த கையில் வைத்து அழுத்தினேன். தோல் பொசுங்கிய சத்தம் எனக்குக் கேட்டது. அவர் அலறினார். நான் எடுக்கவில்லை. "இன்னொரு தரம் கால் வந்துச்சுன்னா மூஞ்சில வெப்பேன்" என்றேன். அது என் குரலாகவே இல்லை.

அவர் முழங்கைக்குக் கீழே அரை வட்டமாக ஒரு தழும்பு இருக்குமே, சின்ன வயதில் நீ விரலால் தடவித் தடவிக் கேட்பாயே, அது இதுதான். "மெஷின்ல பட்டுது" என்று அவர் சொன்னார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு உன் அப்பா என் மேல் கை வைக்கவே இல்லை. கதை நல்லபடியாக முடிந்தது என்று நினைத்துவிடாதே. அந்தக் கை பயத்தால் நின்ற கை. நான் ஊற்றிக் கொடுத்த தண்ணீரை அவர் பல வருஷம் பார்த்துவிட்டுத்தான் குடித்தார். நானும் அவருக்கு முதுகு காட்டிப் படுத்ததில்லை. அடுப்பில் எது கொதித்தாலும் இரண்டு பேருமே அதை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே இருப்போம். "நம்ம வீடு எவ்ளோ அமைதி" என்று நீ நண்பர்களிடம் சொல்வாய். இரண்டு பேர் ஒருவருக்கொருவர் பயந்துகொண்டு நடந்த அமைதி அது. கடைசிக் காலத்தில் அவரைக் குளிப்பாட்டித் துடைத்துவிட்டது இந்தக் கைதான். அப்போதுகூட அந்தத் தாழ்வாரத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. சுகன்யாவுக்கு அப்படி ஒரு வாழ்க்கை வேண்டாம். அவள் தோசைக்கல்லைத் தூக்கும் நாள் வரை நான் காத்திருக்க மாட்டேன்.

அந்தக் குழந்தை என் டீயால்தான் போனதா? இன்றைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். திங்கட்கிழமை சுகன்யாவை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனபோது, இத்தனை வருஷம் கழித்து, எனக்காகவும் சேர்த்துக் கேட்டேன். அந்தம்மா ஹிந்தியில் பொறுமையாகச் சொன்னதை என் தமிழில் எழுதுகிறேன். காபியிலும் டீயிலும் இருக்கிற காஃபின் தாயின் ரத்தத்திலிருந்து குழந்தைக்குப் போகும். அதைக் கரைத்து வெளியேற்றக் குழந்தையின் உடம்புக்கு இன்னும் தெரியாது. தாயின் உடம்பிலும், மாதம் ஏற ஏற, அது மெதுவாகத்தான் இறங்கும். நாள் முழுக்கக் குடித்துக்கொண்டே இருந்தால் குழந்தை எடை குறைந்து பிறக்கலாம், கரு கலைகிற வாய்ப்பும் கூடலாம் என்கிறார்கள். சாப்பாட்டோடு சேர்த்துக் குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சரியாக ஒட்டாது. கோலாவிலும் சாக்லேட்டிலும் சில தலைவலி மாத்திரைகளிலும்கூட காஃபின் உண்டு, அதையும் கணக்கில் வைக்க வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு, சின்னக் கப் என்று நிறுத்திக்கொண்டால் பெரும்பாலான டாக்டர்கள் பயப்பட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். அறவே விட்டால் இன்னும் நல்லது என்கிறவர்களும் இருக்கிறார்கள். விட முடிந்தவர்கள் கொஞ்சம் கொஞ்சமாக விடலாம்.

இதெல்லாம் சுகன்யாவுக்கு முன்பே தெரியும். ஹிஞ்சவடி ஆபீஸில் மெஷின் காபியாக நாளைக்கு நாலைந்து குடித்துக்கொண்டிருந்தவள், குழந்தை என்று தெரிந்ததும் நிறுத்தினாள். தலைவலி தாங்காமல் டாக்டரைக் கேட்டுத்தான் காலையில் ஒன்றே ஒன்று என்று வைத்துக்கொண்டாள். நீ அந்த டாக்டரை நம்பாமல் உன் போனில் படித்ததை நம்பினாய். அவளோடு வேலை செய்கிற பெண்ணுக்குப் போன் போட்டு, இன்றைக்கு எத்தனை குடித்தாள் என்று கேட்டாயாம். காபித்தூளை பீரோவில் வைத்துப் பூட்டினாயாம். இதையெல்லாம் ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் அவள் என்னிடம் சொன்னாள். நான் வருகிறேன் என்பதற்காகச் சனிக்கிழமை தூளை எடுத்து வெளியே வைத்தாயாம்.

டாக்டர் அவள் கையைப் பார்த்தார். தொடையைப் பார்த்தார். எப்படி ஆயிற்று என்று கேட்டார். "வழுக்கி விழுந்துட்டேன்" என்றாள் சுகன்யா. அந்த அறையில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஒரு தாய் அப்படித்தான் இருப்பாள் என்று எல்லோரும் நினைப்பார்கள். நான் சொன்னேன்: "இல்லை. என் மகன் அடித்தான். நான் பார்த்தேன்." சுகன்யா அப்போதுதான், ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக, அழுதாள். டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னிடம் சொன்னார்: "அம்மா, அரை டம்ளர் காபியைப் பற்றி இவ்வளவு கேட்டீர்கள். வயிற்றில் அடிபட்டால் நஞ்சுக்கொடி பிரிந்து, ஒரே நாளில் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம். அதற்கு அளவு என்று எதுவும் கிடையாது."

பிறகு மெஷினை வைத்துக் காட்டினார். குழந்தை நன்றாக இருக்கிறது. இதயத் துடிப்பு அறை முழுக்கக் கேட்டது. ஓடுகிற மாதிரி இருந்தது அந்தச் சத்தம். நீ அங்கே இருந்திருக்க வேண்டியவன்.

உன் பயம் பொய் என்று நான் சொல்லவில்லை. போன வருஷம் சுகன்யாவுக்கு இரண்டாம் மாதத்திலேயே கரு கலைந்தபோது, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து நீ அழுததை நான் பார்த்தேன். உன் தலையை என் மடியில் வைத்துக்கொண்டேன். அந்தக் குழந்தைக்கு யாரையாவது குற்றம் சொன்னால்தான் உனக்குத் தூக்கம் வரும் போலிருந்தது. கிடைத்தவள் அவள். அவளும் அதே குழந்தையைத்தான் இழந்தாள் என்பது உனக்கு நினைவுக்கு வரவில்லை. "ஏற்கெனவே ஒண்ணக் கொன்னது" என்று நீ சொன்னாயே, அந்த வார்த்தை வெந்த தொடையைவிட ஆழமாக இறங்கியிருக்கிறது. தூக்கத்தில் அதைத்தான் முனகுகிறாள். பயம் உனக்கு வந்தால் டாக்டரிடம் போய்க் கேள். என்னிடம் வந்து அழு. அவளுக்குச் சோறு ஆக்கிப் போடு, தலைவலித்தால் நெற்றியைப் பிடித்துவிடு. பயப்படுகிறவனுக்குச் செய்ய எவ்வளவோ வேலை இருக்கிறது. அடிப்பது அதில் ஒன்றில்லை.

கோயம்புத்தூரிலிருந்து அவளுடைய அப்பா பேசினார். உடனே புறப்பட்டு வரச் சொன்னார். அவள் ஒத்துக்கொள்ளவில்லை. "நான் ஏனுங்க அத்தை ஓடோணும்? வேலை இங்க இருக்குது, டாக்டர் இங்க இருக்காங்க. நீங்க இருக்கச் சொன்னா இங்கயே இருக்கறேன்" என்றாள். இருக்கச் சொன்னேன். பிரசவமும் இங்கேதான். உடைந்த கதவுக்குப் பலகை மாற்றி, உள்ளே இரும்புத் தாழ் போட்டாயிற்று. ஆபீஸ் வேலையைக் கட்டிலில் உட்கார்ந்தே இடது கையால் செய்கிறாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் நேரே வீட்டுக்கு வரவில்லை. போலீஸ் சௌக்கிக்குப் போனோம். போகலாமா என்று கேட்டவள் அவள், வழி காட்டினவள் நான். அங்கே இருந்த அதிகாரி நல்ல மாதிரிதான். புகாரைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "மாஜி, லட்கா ஹை ஆப்கா. சோச் லோ" என்றார். உங்கள் பையன், யோசித்துக்கொள்ளுங்கள் என்று. எனக்குக் காகுவின் மராத்திதான் வாயில் வந்தது. "விசார் கேலா, ஸாஹேப். லிஹா." யோசித்தாயிற்று, எழுதுங்கள் என்றேன். எழுதினார். சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டிருப்பது உன் அம்மா. தாழ்வாரத்தில் அத்தனை பேர் நின்று பார்த்தும் எனக்கு ஒரு சாட்சி இருக்கவில்லை. அவளுக்கு ஒன்று இருக்கட்டும்.

இது வரை எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். ஒரு வரியை மட்டும் அடிக்கச் சொன்னாள். 'நீ திருந்தி வந்தால் அவள் உன்னை மன்னிப்பாள்' என்று எழுதியிருந்தேன். "அதை நான்தானுங்க சொல்லோணும். நீங்க சொல்லக் கூடாது" என்றாள். அடித்துவிட்டேன்.

புதன்கிழமை காலையில் சௌக்கியிலிருந்து உன்னைக் கூப்பிடுவார்கள். யாரோ போலீஸ்காரர் வாயால் முதலில் உனக்குத் தெரியக் கூடாது என்றுதான் இதை இன்றைக்கே எழுதி, உங்கள் சொசைட்டி வாட்ச்மேனிடம் நானே கொடுத்துவிட்டுப் போகிறேன். மேலே வந்து உன்னைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. பார்த்தால் சாப்பிட்டாயா என்று கேட்டுவிடுவேன், அப்புறம் ஒன்றும் சொல்ல முடியாது. புதன்கிழமை போ. பெரிய ஆட்களை யாரையும் கூட்டிக்கொண்டு போகாதே. கை தவறிவிட்டது என்று சொல்லாதே. செய்ததைச் செய்தேன் என்று சொல். நீ மறுத்தால், உன் முகத்தைப் பார்த்துக்கொண்டே நான் பார்த்ததைச் சொல்வேன். நான் அங்கே இருப்பேன். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வா. அங்கே நெடுநேரம் உட்கார வைப்பார்கள்.

உன்னைப் பெற்றவள்